சிம்மில் வைக்கத் தெரியாத அடுப்பு

பழுதுபார்க்கப் போயிருந்த என் இன்டக்‌ஷன் அடுப்பு பதினேழு நாள் கழித்து முந்தாநாள்தான் திரும்பி வந்தது. அது இல்லாத நாட்களில், பரணில் கிடந்த பழைய கேஸ் அடுப்பை இறக்கித் துடைத்துச் சமைத்தேன். இரண்டே பர்னர், எவர்சில்வர் மேல்தகடு, குமிழ்களில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோன அடுப்பு. முதல் நாள் காலை அதில் பால் வைத்தபோது எனக்குள் வந்த நிம்மதியை நான் எதிர்பார்க்கவே இல்லை. அதே வாரத்தில், புது வீட்டுக்குச் சமையலறை அமைத்துக்கொண்டிருக்கும் தோழி ஒருத்தி, "கேஸா, இன்டக்‌ஷனா, அந்தச் சிவப்பாக எரியும் கண்ணாடி அடுப்பா, எதை வாங்கட்டும்?" என்று கேட்டாள். தொலைபேசியில் அவளுக்கு நான் சொன்னது அரைகுறை. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

மூன்றிலும் அன்றாடம் சமைத்தவன் என்பதால் இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கேஸ் அடுப்பு ஒன்பது ஆண்டு. நடுவில் வாடகைக்கு இருந்த வீட்டில் ஏற்கெனவே பதித்து வைத்திருந்த செராமிக் அடுப்பு, அதாவது தோழி சொன்ன அந்தச் சிவப்பாக எரியும் கண்ணாடி அடுப்பு, இரண்டு ஆண்டு. இப்போதுள்ள இன்டக்‌ஷனுக்கு இது நான்காம் ஆண்டு. எத்தனை வளையம், எத்தனை வாட், என்ன நீள அகலம் என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே இருக்கும். பெட்டியில் எவரும் அச்சிடாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்: தீயைக் குறைப்பது.

நியாயமாக, இன்டக்‌ஷனுக்குச் சேர வேண்டிய பாராட்டை முதலில் கொடுத்துவிடுகிறேன். 2,000 வாட் வளையத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலாகக் கொதித்துவிடுகிறது. கண்ணாடிக்கு அடியில் ஒரு செம்புச் சுருள். அதில் நொடிக்கு 20,000 முறைக்கும் மேல் அலையும் மின்சாரம், மேலே வைத்த பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தை உண்டாக்கிப் பாத்திரத்தைச் சூடாக்குகிறது. மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. வெப்பம் பாத்திரத்திலேயே பிறப்பதால் பக்கவாட்டில் வீணாவது மிகக் குறைவு. கோடையிலும் வியர்க்காமல் நின்று சமைக்க முடிகிறது. பாத்திரத்தை எடுத்தால் அடுப்பு தானாக நின்றுவிடும். வழிந்ததை உடனே ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். கேஸ் அடுப்பின் தாங்கிகளைக் கழற்றி, ஊறவைத்து, கம்பி நாரால் தேய்த்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இது பெரிய விடுதலை. எரிவாயு எரியும்போது வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு இதில் இல்லை. சின்னக் குழந்தையோ மூச்சிரைப்பு உள்ளவரோ வீட்டில் இருந்தால் இது ஒன்றே போதுமான காரணம்.

இத்தனை நல்லதையும் வைத்துக்கொண்டு, இந்த அடுப்பு ஏன் தினமும் ஒரு முறையாவது எனக்குக் கோபமூட்டுகிறது?

காலை ஆறரை மணி. ஒரு வளையத்தில் பருப்பு, பக்கத்தில் பால். பாலின் மேல் ஆடை சுருங்கத் தொடங்குகிறது. பாலிலுள்ள புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே ஒரு படலமாகப் படர்ந்துவிடுவதால் அடியில் உண்டாகும் ஆவி வெளியேற வழியில்லாமல் அந்தப் படலத்தையே தூக்கிக்கொண்டு எழும். தண்ணீர் கொதித்தால் சலசலத்துக்கொண்டு கிடக்கும், பால் அப்படியில்லை, எழுந்துவிடும். எழத் தொடங்கியதிலிருந்து விளிம்பைத் தொட நமக்குக் கிடைப்பது நான்கைந்து விநாடிதான். கேஸ் அடுப்பில் கண் பாலின் மேலேயே இருக்கும். கை தானாகக் குமிழுக்குப் போகும். ஒரு திருகலில் பால் அடங்கும். என் இன்டக்‌ஷனில் குமிழ் கிடையாது. கண்ணாடிக்கு அடியில் ஒளிரும் எண்கள். முதலில் எந்த வளையம் என்று தொட வேண்டும். பிறகு கழித்தல் குறியை 8இலிருந்து 2 வரும்வரை ஆறு முறை தொட வேண்டும். ஆக ஏழு தொடுகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு "பீப்". அதற்குக் கண்ணைப் பாலிலிருந்து எடுத்துப் பலகையின் மேல் வைக்க வேண்டும். கை ஈரமாக இருந்தால் தொடுகை பதியாது. காய் கழுவிய கை ஈரமாகத்தானே இருக்கும்? பிடிதுணியோடு தொட்டாலும் பதியாது.

அதற்குள் பால் வழிகிறது. வழிந்த பால் கண்ணாடியில் ஓடி நேராகத் தொடுபலகைக்கு வந்து சேர்கிறது. பலகையோ விரலின் மின்னேற்றத்தை உணர்ந்து வேலை செய்வது. திரவம் பரவினால் அதையும் விரல் என்றே எடுத்துக்கொண்டு, என்ன செய்வதென்று புரியாமல் கூவித் தன்னை அணைத்துக்கொள்கிறது. பால் வளையம் மட்டுமல்ல, முழு அடுப்பும். பக்கத்தில் பாவம், பருப்பும் நின்றுபோகிறது. துடைத்து, உலர்த்தி, மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் தொட்டு வர வேண்டும். நான்கு ஆண்டில் இது எத்தனை முறை நடந்திருக்கும் என்று எண்ணவில்லை. ஒரு சாதாரணக் குமிழை ஏன் எடுத்தார்கள்? பார்வைக்குத் தட்டையாக, பளபளவென்று இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அடுப்பு கூடத்தில் வைக்கும் அலங்காரப் பொருளா என்ன? ஈரக் கையோடும் அவசரத்தோடும் தொடுகிற கருவி அது.

சரி, எப்படியோ 2க்கு இறக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கேதான் அடுத்த ஏமாற்றம். மெல்லிய அடி கொண்ட பாத்திரத்தில் இரண்டு விரல் ஆழம் தண்ணீர் ஊற்றி, கொதிக்கவிட்டு, 2இல் வைத்து உற்றுப் பாருங்கள். மூன்று விநாடி அடியெங்கும் குமிழி பறக்கும். பிறகு ஆறு விநாடி குளம்போல அமைதி. மறுபடி மூன்று விநாடி கொந்தளிப்பு. அது சின்னத் தீ அல்ல. பெரிய தீயையே விட்டு விட்டு எரிப்பது. பழுதுபார்த்தவரிடம் இதைக் கேட்டேன். இத்தகைய அடுப்புகளின் மின்சுற்று ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தொடர்ச்சியாக ஓடாது என்றும், அதனால் குறைவான எண்ணில் வைத்தால் அணைத்து அணைத்துப் போட்டுச் சராசரியைக் குறைக்கிறது என்றும் விளக்கினார். சில உயர்ரக அடுப்புகளில் மிகக் குறைந்த அளவிலும் இடைவிடாமல் சூடு வருமாம். என்னுடையது அந்த ரகமல்ல.

இதனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்கள் பாலைச் சுண்டக் காய்ச்சிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மூன்று விநாடிகள் போதும், அடியில் ஒரு வளையமாகப் பழுப்பு விழ. ஆம், வட்டமாக அல்ல, வளையமாக. அடியிலிருக்கும் சுருளின் வடிவம் அப்படியே பாத்திரத்தில் பதிகிறது. வெங்காயம் வதக்கினால் நடுவில் ஒரு வளையம் சிவந்திருக்கும், ஓரத்தில் கிடப்பது வெள்ளையாகவே இருக்கும். கனத்த அடி கொண்ட பாத்திரம் வாங்கிய பிறகு இரண்டு தொல்லையும் பாதியாகக் குறைந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். தடித்த உலோகம் வெப்பத்தைப் பரப்பி, விட்டு விட்டு வரும் சூட்டை ஓரளவு சமன் செய்துவிடுகிறது. ஆனால் அடுப்பின் குறையைப் பாத்திரம் சுமக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை. அலுமினியமும் செம்பும் பெரும்பாலான இன்டக்‌ஷன்களில் சூடேறாது, எவர்சில்வரிலும் சில ரகம் ஆகாது. காந்தம் அடியில் ஒட்டுகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பழுது என்னவென்றும் சொல்லிவிடுகிறேன், பிறருக்கு உதவும். மின்சாரத்தை அதிவேகமாகத் திறந்து மூடும் ஐஜிபிடி என்ற உறுப்பு கருகியிருந்தது. கீழே குளிர்விக்கும் விசிறியில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் ஒட்டியிருந்தது. அடுப்புக்கு அடியிலுள்ள இழுப்பறையில் நான் துணிகளை அடைத்து வைத்திருந்ததால் காற்று போகவே வழியில்லை. அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

செராமிக் அடுப்பைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வெளித்தோற்றத்தில் இன்டக்‌ஷன்போலவே இருக்கும். உள்ளே இருப்பது சூடேறிச் சிவக்கும் மின்கம்பிப் பட்டை. எந்தப் பாத்திரமும் வைக்கலாம், அடி தட்டையாக இருந்தால் போதும். இதுவும் அணைந்து அணைந்துதான் எரிகிறது, ஆனால் கண்ணாடியே சூட்டைப் பிடித்து வைப்பதால் பாத்திரத்துக்கு அது தெரிவதில்லை. இரண்டு மணி நேரம் மெல்ல வேக வேண்டியவை அதில் அருமையாக வந்தன என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். குறைத்தால் உடனே குறையாது என்பதுதான் அதன் பாவம். எண்ணைக் குறைத்த பிறகும் சில நிமிடம் அதே சூடு. பொங்கும் பாலைக் காப்பாற்ற ஒரே வழி பாத்திரத்தைத் தூக்குவது. அணைத்த பிறகும் கண்ணாடி கையைச் சுட்டுவிடும். அதற்குத்தான் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். சர்க்கரைப் பாகு சிந்தினால் சூடு ஆறுவதற்குள் கவனமாகச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஆறினால் கண்ணாடியையே சில்லாகப் பெயர்த்துக்கொண்டுதான் வரும். நான் குடியிருந்த வீட்டில் எனக்கு முன் இருந்தவர்கள் விட்டுச் சென்ற அப்படிப்பட்ட குழிகள் மூன்று இருந்தன.

இனி கேஸ். பதினேழு நாளும் நான் செய்ததெல்லாம் அந்தக் குமிழை ரசித்ததுதான். சின்ன பர்னரைச் சிம்மில் வைத்தால், பர்னரைச் சுற்றி நீலப் பாசிமணி கோத்ததுபோல் தீ நிற்கிறது. அணைந்து அணைந்து எரிவதில்லை. நிற்கிறது. அதன்மேல் பால் முணுமுணுத்துக்கொண்டே அரை மணி நேரம் சுண்டுகிறது. அடியில் ஒரு புள்ளி பழுப்பு இல்லை. முதல் நாள் சிம் சற்றுப் பெரிதாக எரிந்தது. அடுப்பைப் பார்க்க வந்தவர் குமிழை உருவி, தண்டின் பக்கத்தில் ஒளிந்திருந்த பித்தளைத் திருகாணியை மெல்லிய திருப்புளியால் கால் சுற்று திருப்பினார். தீ அப்படியே தணிந்து பாதியாகியது. பல கேஸ் அடுப்புகளில் சிம்மின் அளவைத் தீர்மானிப்பது அந்தச் சின்னத் திருகாணிதான். ஒன்பது ஆண்டு உபயோகித்தும் அது இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்தவரை வைத்தே செய்யுங்கள். அதிகம் இறுக்கினால் தீ காற்றில் அணைந்து வாயு கசியும்.

கேஸின் குறைகளை மறைக்க நான் விரும்பவில்லை. சமையலறை கொதிக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தீ ஆடுகிறது, மூடினால் புகைக்காற்று தங்குகிறது. தீ மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை என்று பொருள், பாத்திரத்தின் அடி கரியாகிவிடும், கார்பன் மோனாக்சைடும் சேரும். உடனே பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். தீ அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு இந்தப் பழைய அடுப்பில் இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் அது இல்லாததைத் தொடவே வேண்டாம். கண்ணாடி மேல்தகடு வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். கேஸ் அடுப்பில் இருப்பது செராமிக் கண்ணாடி அல்ல, சாதாரணமாகக் கடினப்படுத்திய கண்ணாடி; அதன்மேல் சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கக் கூடாது.

கணக்குப் போட்டால் இன்டக்‌ஷன்தான் ஜெயிக்கும். வேகம், சுத்தம், பாதுகாப்பு, குளிர்ச்சி, காற்று, எல்லாவற்றிலும். தோழிக்கும் இதைத்தான் வரிசையாகச் சொன்னேன். கடைசியில், "அப்படியானால் இன்டக்‌ஷன் வாங்கட்டுமா?" என்று அவள் கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது "வேண்டாம், கேஸ் வாங்கு" என்பதுதான். சின்ன பர்னர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், கடையிலேயே பற்றவைத்துச் சிம்மைக் காட்டச் சொல், குமிழை வேகமாகத் திருப்பினாலும் தீ அணையாமல் நிற்கிறதா என்று பார் என்றேன். இன்டக்‌ஷனே வேண்டும் என்று தோன்றினால் குமிழ் வைத்ததாகத் தேடு, தண்ணீர் வைத்து மிகக் குறைந்த எண்ணில் குமிழிகள் நின்று நின்று வருகிறதா என்று பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதே என்றும் சொன்னேன்.

என் இன்டக்‌ஷனை முந்தாநாள் அதன் இடத்தில் பொருத்திவிட்டார்கள். நன்றாகவே வேலை செய்கிறது. தண்ணீர் கொதிக்க வைக்க, அரிசி வேகவைக்க, மதியச் சமையலுக்கு அதைத்தான் உபயோகிக்கிறேன். ஆனால் கேஸ் அடுப்பைப் பரணில் ஏற்றவில்லை. ஜன்னலோரத்தில், மேடையின் மூலையில், ஒற்றைப் பாத்திரத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். இன்று காலையும் பால் அதில்தான் காய்ந்தது.