மார்க்ஸ் பிழை என்றால் யாரிடம் போவது? ஒரு மாணவர் உதவி மேசை ரிவியூ

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே பிரித்தானியப் பட்டம் படிக்கிறவர்கள் இப்போது கனபேர். நான் படிக்கிற தனியார் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வகுப்புகள் நல்லம், ஏசி வேலை செய்யும், படிப்பிக்கிறவர்கள் நேரத்துக்கு வருவார்கள். ஆனால் மார்க்ஸில் பிழை வந்தால் இவர்களின் உதவி மேசை எவ்வளவு தூரம் கூட வரும் என்று சேரும்போது ஒருவரும் கேட்பதில்லை.

விசயம் இதுதான். அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நேரம் ஒரு அசைன்மென்டுக்குக் கால நீடிப்புக் கேட்டு, ஈமெயிலில் அனுமதியும் வந்து, அந்தத் திகதிக்குள்ளேயே போட்டும் விட்டேன். ரிசல்ட்டில் திருத்தியவர் 58 போட்டிருக்கிறார், பக்கத்தில் 'பிந்திய சமர்ப்பிப்பு' என்று சொல்லி அதை 40க்கு இறக்கியிருக்கிறது. நீடிப்பு அவர்களின் சிஸ்டத்தில் ஏறவேயில்லை.

மேசையில் இருந்த அண்ணா ஈமெயிலைப் பார்க்காமலே, "தங்கச்சி, இது யூகே மார்க், இங்க மாத்த ஏலாது. வேணுமெண்டால் ரீகரெக்‌ஷனுக்குக் காசு கட்டிப் பாருங்கோ" என்றார். எதற்கு, யாருக்கு என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை.

ஏஎல் ரிசல்ட்டுக்கு மீள்பரிசீலனை போடுகிற பழக்கம் நமக்கு ஊறிப்போனது. பிரித்தானியப் பல்கலைக்கழக அப்பீல் அப்படி இல்லை. "58 காணாது, நான் 65க்கு எழுதியிருக்கிறேன்" என்று போட்டால் தள்ளுபடிதான், ஏனென்றால் விடையின் தரம் திருத்தியவரின் அகடமிக் ஜட்ஜ்மென்ட், அதில் அப்பீல் பிரிவு கை வைக்காது. நடைமுறையில் பிழை நடந்திருக்க வேண்டும், அல்லது நோய், சாவு மாதிரி ஒன்றை உரிய நேரத்தில் சொல்ல முடியாமல் போனதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். பக்கச்சார்பு என்றும் போடலாம், ஆனால் கையில் ஆதாரம் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். என்னுடையது முதல் வகை, சாட்சிக்கு அந்த ஈமெயிலே போதும்.

கெடு ரிசல்ட் வெளிவந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். எத்தனை நாள் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வித்தியாசம், மாதக்கணக்கில் தரமாட்டார்கள். அங்கே பின்னேரம் 4 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 9.30, கோடையில் 8.30. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் கதை முடிந்தது, முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

மேசையை விட்டுவிட்டு நேரே பல்கலைக்கழகத்தின் அப்பீல் பிரிவுக்கே எழுதினேன். படிவம் சின்னது: என்ன நடந்தது, எந்த விதிக்கு மாறாக, என்ன பரிகாரம் வேண்டும். காசு ஒரு சதமும் கேட்கவில்லை. அம்மாவின் டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில் இருந்தது, கிராம சேவகரின் கடிதம் தமிழில் என்பதால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்து, பரமேஸ்வரா சந்திப் பக்கம் ஒரு கொமினிகேசனில் ஸ்கேன் பண்ணினேன். சீலின் எழுத்துக்கூட வாசிக்கலாம், அவ்வளவு தெளிவு, அந்தப் பெடியனுக்குப் புண்ணியம்.

பதில் சுணங்கித்தான் வந்தது. ஆனால் ஒழுங்கான பதில்: நீடிப்பு பதியப்படாதது தங்கள் தவறு, மார்க் 58 ஆகத் திருத்தப்படும்.

மறுத்திருந்தாலும் வழி இருந்தது. உள் நடைமுறை முழுக்க முடிந்ததும் பல்கலைக்கழகம் அதற்கென்று ஒரு நிறைவுக் கடிதம் தரும், இங்கிலாந்து, வேல்ஸ் பல்கலைக்கழகம் என்றால் அதை வைத்து 12 மாதத்துக்குள் ஓஐஏ என்ற சுயாதீன அமைப்பிடம் முறையிடலாம். மாணவருக்கு இலவசம். அவர்களும் மார்க் போடமாட்டார்கள், நடைமுறை சரியா என்றுதான் பார்ப்பார்கள். இதை அந்த மேசையில் ஒரு தாளில் அடித்து ஒட்டினால் என்ன குறைந்து போகும்?

ஐந்துக்கு, பல்கலைக்கழக அப்பீல் பிரிவுக்கு நாலு, பிந்தினதற்கு ஒன்று கழித்திருக்கிறேன். இங்குள்ள உதவி மேசைக்கு ஒன்று, அதுவும் ஈமெயிலைச் சும்மா பிரின்ட் எடுக்க விட்டதற்காக.