வீட்டில் பிசியோதெரபி: வீடியோ காலா, சென்சாரா, கேமரா ஆப்பா?

முட்டி மாற்று அறுவை சிகிச்சையோ தோள் இறுக்கமோ, பிசியோதெரபிஸ்ட் கூடவே நின்று செய்யவைப்பது கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் வீட்டில், யாரும் பார்க்காதபோது. “பத்துப் பத்தா மூணு வேளை” என்று சொல்லி அனுப்பியது எட்டாகும், ஒரு வேளையாகும், வலி குறைந்த நாளில் மறந்தே போகும். கேட்டால் “தினமும் செய்யறேனே” என்போம். இந்தப் பொய்யைப் பிடிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் பிடிப்பது ஒரே பொய்யை அல்ல.

வீடியோ காலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கனடாவின் கியூபெக்கில் முட்டி மாற்றிக்கொண்ட 205 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. வீடியோ வழியாகப் பயிற்சி பெற்றவர்கள், நேரில் பயிற்சி பெற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. முகம் சுளிப்பதையும் மூச்சை அடக்குவதையும் மனிதக் கண் உடனே கவனித்துவிடும். ஆனால் அழைப்பை வைத்த பிறகு நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது. வீக்கத்தை அழுத்திப் பார்க்கவும் வழியில்லை.

சென்சார் நேர் எதிர். தொடையில் ஒன்று, கெண்டைக்கால் பக்கம் ஒன்று என்று பட்டையால் கட்டிக்கொண்டால், முட்டி எத்தனை டிகிரி மடங்கியது, எத்தனை முறை மடங்கியது என்பதெல்லாம் பதிவாகும். இருட்டிலும், போர்வைக்குள்ளும். உள்ளே இருப்பது முடுக்கத்தை அளக்கும் கருவியும் சுழற்சியை அளக்கும் கருவியும். சுழற்சிக் கணக்கில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் அவ்வப்போது அசையாமல் நின்று சரிசெய்யச் சொல்லும். பட்டை இரண்டு விரல்கடை நழுவினாலும் எண் மாறும்.

இதை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். கையைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சி. மேல்கையில் ஒரே ஒரு சென்சார். அது புவியீர்ப்புத் திசையை வைத்துத்தான் சாய்வை அளக்கிறது. தோள் 90 டிகிரியில் நின்றுவிட்டது என்று வையுங்கள். உடம்பை எதிர்ப்பக்கம் 20 டிகிரி சாய்த்தால் போதும், திரையில் 110 வந்துவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வலிக்கிற உடம்பு தானாகவே அந்தக் குறுக்கு வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஆப் பச்சை டிக் போட்டுப் பாராட்டும், தோள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்தச் சாய்வைக் கேமரா ஆப் கண்டுபிடித்துவிடும், முழு உடம்பும் படத்துக்குள் இருக்கிறதே. கூகுளின் இலவச மென்பொருள் ஒன்று உடலில் 33 புள்ளிகளைக் குறித்துத் தொடர்கிறது. சரி, அப்படியானால் இதுதானே சிறந்தது? இல்லை. போனைப் பக்கவாட்டில் வைத்தால் முட்டி மடங்குவது தெரியும், உட்பக்கம் சரிவது தெரியாது. முன்னால் வைத்தால் சரிவது தெரியும், மடங்குவது சரியாக வராது. படுத்துச் செய்யும் பயிற்சிகளில் தலையணை, தளர்ந்த உடை, மறைந்து கிடக்கும் மறுகால் எல்லாம் சேர்ந்து அதைக் குழப்பும். போனைச் சாய்த்து நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதிப் பேருக்குப் பொறுமை போய்விடும் என்பது என் சந்தேகம். வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: படம் வெளியே போகிறதா, போனுக்குள்ளேயே கணக்கிட்டுக் கோண எண்கள் மட்டும் போகின்றனவா?

என் தேர்வு உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. பயிற்சியைத் தள்ளிப்போடுபவருக்குச் சென்சார். ஒழுங்காகச் செய்தும் முறை தவறுகிறவருக்குக் கேமரா. ஆர்வக் கோளாறில் இரண்டு மடங்கு செய்து வீக்கத்தை வரவழைப்பவருக்கு வீடியோ கால்தான். அவரை நிறுத்தச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அமெரிக்காவில் முப்பரிமாணக் கேமரா வைத்து வீட்டிலேயே பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்விலும், திரைக்குப் பின்னால் பிசியோக்கள் இருந்தார்கள். ஆகவே கருவியின் விலையைக் கேட்பதற்கு முன், அது அனுப்பும் எண்களை வாரத்தில் எந்த நாள் யார் திறந்து பார்ப்பார் என்று கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் நோட்டும் பேனாவும் போதும்.

இன்னொன்று: அறுவை சிகிச்சைக்குப் பிறகு கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால், அது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். இந்த மூன்றில் எதையும் திறக்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.