வயது வந்த பின் ஆட்டிசம்: முறையான மதிப்பீடா, சுய அறிதலே போதுமா?

நாற்பதை ஒட்டிய வயதில் ஆட்டிசம் (பிறரோடு பேசிப் பழகுவதிலும், இரைச்சல், மாற்றம் போன்றவற்றை எதிர்கொள்வதிலும் சிறுவயதிலிருந்தே வேறுபட்டிருக்கும் மூளை வளர்ச்சி நிலை) பற்றிப் படித்து, அந்த விவரிப்பில் தம்மையே காண்பவர்களின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ சென்று முறையான மதிப்பீடு செய்துகொள்வது. மற்றது, தாமே அறிந்துகொண்டதை வைத்து வாழ்க்கையைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டு, எந்த அறிக்கையும் இல்லாமல் இருந்துவிடுவது. நான் இரண்டாம் வழியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு முதல் வழிக்கு வந்தவள். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்மை வளர்த்தவர்கள் நல்ல நினைவோடு இருக்கும்போதே மதிப்பீட்டுக்குச் சென்றுவிடுவது மேல்.

சுய அறிதலின் பக்கமுள்ள நியாயங்கள் சிறியவை அல்ல. ஆட்டிசத்தையே மாற்றக்கூடிய மருந்து எதுவும் இல்லை. பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் உரிய மருத்துவத்தை இந்தப் பெயர் இல்லாமலும் பெறலாம். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் கிளம்பிவிடவோ, அலுவலகத்தில் காதை மூடிக்கொண்டு வேலை பார்க்கவோ யாருடைய சான்றும் வேண்டியதில்லை. செலவும் அலைச்சலும் மிச்சம்.

ஆனால், சுய அறிதல் ஓர் எல்லைக்கு மேல் செல்வதில்லை. பிரிட்டிஷ் உளவியலாளர் சைமன் பேரன்-கோஹனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட, ஆட்டிசத் தன்மைகளை அளக்கும் 50 கேள்விகள் கொண்ட படிவத்தைத்தான் எங்களில் பலரும் முதலில் நிரப்பிப் பார்க்கிறோம். அதில் 32 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும் என்றுதான் பொருள். ஆட்டிசம் உறுதி என்று பொருளன்று. சமூகப் பதற்றமோ, ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு-மிகைச்செயல்பாட்டுக் குறைபாடோ, ஓசிடி எனப்படும் எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வரும் கோளாறோ உள்ளவர்களும் அத்தகைய கேள்விகள் பலவற்றுக்கு அதே பதில்களைத் தரக்கூடும். எனக்கும் பல ஆண்டுகள் பதற்றத்துக்காக மட்டுமே மருத்துவம் நடந்தது. மதிப்பீட்டுக்குப் பிறகுதான் அந்தப் பதற்றத்தில் எவ்வளவு இரைச்சலாலும் திடீர் மாற்றங்களாலும் வருகிறது என்பது பிரித்துப் பார்க்கப்பட்டது; ஆலோசனையின் போக்கும் அதற்கேற்ப மாறியது.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் என்பது வேறு விஷயம். மருத்துவ அறிக்கையோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. ஆனால், அரசுப் பணி இட ஒதுக்கீடு போன்ற பலன்களுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு சான்றளிக்கப்பட வேண்டும். அதற்குப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. (ISAA) என்ற இந்திய அளவுகோலில் 40 கூற்றுகள் இருக்கின்றன. அந்த 40 விழுக்காட்டை எட்டக் குறைந்தது 70 மதிப்பெண் வர வேண்டும். அது முதன்மையாகக் குழந்தைகளையும் இளையோரையும் மனத்தில் கொண்டு உருவானது என்பதால், பிறரைப் பார்த்துப் பார்த்துப் பழகித் தம் இயல்பை மறைக்கக் கற்றுக்கொண்ட பெரியவர்கள் அதில் குறைவாக மதிப்பிடப்படலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவில்லை. ஆகவே இதை ஓர் ஊகமாக மட்டும் கொள்ளுங்கள்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநலக் கோளாறுகளைக் கண்டறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு (DSM-5), ஆட்டிசத்தின் அறிகுறிகள் சிறு குழந்தைப் பருவத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்கிறது. அவை அப்போது முழுமையாக வெளிப்படாமலோ, பின்னாளில் கற்றுக்கொண்ட உத்திகளால் மறைக்கப்பட்டோ இருக்கலாம் என்றும் சேர்த்தே சொல்கிறது. எனவே மதிப்பிடுபவர், இன்றைய நம்மை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிட முடியாது. மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் நாம் எப்படி இருந்தோம் என்று கேட்டாக வேண்டும். அந்த வயதுகள் நமக்கே சரியாக நினைவில் இல்லை. அவற்றுக்குச் சாட்சி நம்மை வளர்த்தவர்கள்தாம். நமக்கு நாற்பது என்றால் அவர்களுக்கு அறுபத்தைந்தோ எழுபதோ ஆகியிருக்கும். கட்டணத்தைப் பிறகும் சேர்த்துக்கொள்ளலாம், மருத்துவரை மாற்றிக்கொள்ளலாம். இந்தச் சாட்சியத்தை மட்டும் தள்ளிப்போட முடியாது.

சாட்சி இருந்தால் மட்டும் போதாது, கேட்கும் விதமும் முக்கியம். "சின்ன வயசுல எப்படி இருந்தா?" என்று கேட்டபோது என் அம்மா, "ரொம்ப சமத்து, தொந்தரவே கிடையாது" என்றுதான் சொன்னார். உளவியலாளர் பொறுமையாகக் குறிப்பான கேள்விகளுக்கு வந்த பிறகே மற்றவை வெளிப்பட்டன. தீபாவளிக்கு எடுத்த பட்டுப்பாவாடையின் ஜரிகை குத்துகிறது என்று அழுது பழைய பருத்திப் பாவாடைக்கே திரும்பியது, கெட்டிமேளம் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே ஓடியது, தட்டில் குழம்பு பொரியலைத் தொட்டுவிட்டால் சாப்பாட்டையே ஒதுக்கியது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் விளையாடும்போது அரிசி டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தது என ஒவ்வொன்றாக அம்மா சொல்லச் சொல்ல, அவற்றில் பாதியை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எந்தப் படிவமும் இவற்றை என்னிடமிருந்து வாங்கியிருக்க முடியாது.

நம் வீடுகளில் பிள்ளையை வளர்த்தவர் அம்மாவாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பாட்டி வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சித்தியோ மாமாவோ, கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு அத்தையோ பெரியம்மாவோ நல்ல சாட்சியாக அமையலாம். வளர்த்தவர்கள் யாருமே இல்லாதவர்களுக்கும் கதவு அடைபட்டுவிடவில்லை: மூத்த அக்கா அண்ணனின் நினைவுகள், ஆசிரியர் குறிப்பு எழுதிய பழைய ரேங்க் கார்டுகள், சிறுவயதுப் புகைப்படங்கள் ஆகியவற்றைக் கொண்டும் மதிப்பீடு செய்வார்கள், ஆனால் முடிவின் உறுதி அந்த அளவுக்குக் குறையக்கூடும்.

பெரியவர்களை அழைத்துச் செல்வதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, "நான் வளர்த்ததில் குறையா?" என்ற வேதனை. தாயின் அன்பின்மையால் ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் மருத்துவர்களே சொன்னதுண்டு. அக்கருத்து முற்றிலும் கைவிடப்பட்டுவிட்டது என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்வது நல்லது. இரண்டாவது, செய்தி சொந்தக்காரர்களிடம் பரவுவது. மருத்துவத் தகவலின் இரகசியத்தை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பாதுகாக்கிறது, ஆனால் அது மருத்துவத் தரப்பைத்தான் கட்டுப்படுத்தும், சித்தப்பா வீட்டுப் பேச்சையன்று. வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் இதற்காகவே தயங்கினால், அவரிடம் வற்புறுத்திச் சொல்ல என்னிடம் போதிய அனுபவம் இல்லை.

செல்ல முடிவெடுத்தவர்கள், பெரியவர்களையும் மதிப்பிடுவார்களா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே நேரம் வாங்குங்கள். ஆட்டிசம் என்றதும் குழந்தைகளை மட்டுமே பார்க்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன. மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் (RCI) உங்கள் உளவியலாளர் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள். சுய அறிதலே போதும் என்று முடிவெடுத்தவர்களும், அம்மாவோ அத்தையோ அருகில் இருக்கும் ஒரு மாலையில், உங்கள் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, பேச்சு, பள்ளியின் முதல் நாள்கள் பற்றித் தனித்தனியாகக் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே தேதியிட்டு எழுதி வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து மனம் மாறினாலும், மருத்துவரிடம் கொடுக்க அந்தத் தாள்கள் உங்களிடம் இருக்கும்.