பிரைம்95: வீட்டுக் கணினியில் பெரும் பகா எண் வேட்டை

இரண்டின் ஏதேனும் ஓர் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் மெர்சென் எண்களில் எவை பகா எண்கள் என்று தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு தேடும் கிம்ப்ஸ் (GIMPS) திட்டத்தை 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கினார். அதற்காக அவர் எழுதிய பிரைம்95 என்னும் மென்பொருள் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது.

எண்ணியல் பண்புகளை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்வதுதான் இதன் முதல் சிறப்பு. அடுக்கெண் 11 என்றால் கிடைப்பது 2047; அதன் காரணிகள் 23, 89. இவ்விரண்டிலும் ஒன்றைக் கழித்தால், அடுக்கெண்ணின் இருமடங்கான 22-ஆல் மீதியின்றி வகுபடும். காரணிகளையே எட்டால் வகுத்தால் முறையே 7, 1 மீதி வரும். அடுக்கெண் ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்கும்வரை எல்லா மெர்சென் எண்களின் காரணிகளும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் அடங்குவதால், பெரும்பாலான எண்களை வகுத்துப் பார்க்காமலேயே ஒதுக்கிவிடலாம்.

காரணி சிக்காதபோது தொடங்கும் நெடுஞ்சோதனைகளில் புகழ்பெற்றது லூகாஸ்–லெமர் சோதனை. நான்கில் தொடங்கி, வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, சோதிக்கும் மெர்சென் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டே போக வேண்டும். 127-க்கு (இரண்டின் ஏழாம் அடுக்கிலிருந்து ஒன்று குறைவு) இதைத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம்: 4, 14, 67, 42, 111, 0. சுழியில் முடிந்தால் பகா எண். கோடிக்கணக்கான இலக்கங்களுக்கு இதே வேலை நாள்கணக்கில் நீளும். நடுவில் நினைவகம் ஒருமுறை பிசகினாலும் விடை வீண். ஆகவே இப்போது முதற்சோதனைக்கு, எண் பகா எண்ணாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டா என்று பார்க்கும் பெர்மா வகைச் சோதனையும், அதனோடு பிழைகளை அவ்வப்போது கண்டுபிடித்துத் திருத்தும் கெர்பிச் முறையும் கைக்கொள்ளப்படுகின்றன. கூடவே உருவாகும் சான்றுக் கோப்பால், முழுக் கணக்கையும் இன்னொருவர் மறுபடி போட வேண்டிய தேவையும் நீங்கிவிட்டது. என் பார்வையில், அண்மைக் காலத்தில் இம்மென்பொருளுக்குக் கிடைத்த மிகப் பெரிய மேம்பாடு இதுவே.

முகப்புதான் பழைய விண்டோஸ் காலத்திலேயே நின்றுவிட்டது. எத்தனையாவது சுற்று, ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிநொடி என்று வரிகள் ஓடுமே தவிர, நடக்கும் கணிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. நிறுவியவுடன் திட்டத்தில் சேர்கிறீர்களா, கணினியின் தாங்குதிறனை மட்டும் சோதிக்கிறீர்களா என்று கேட்கும்; இரண்டாவதற்காகவே இதை வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்தப் புகழ் பொய்யன்று: 2016-இல் இன்டெலின் ஸ்கைலேக் செயலிகளில் இருந்த குறை இதன் கணக்கீட்டில்தான் வெளிப்பட்டது.

சாதனை படைக்கும் ஆசையில் நிறுவுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டறிந்த, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண் (இரண்டின் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைவு) பிடிபட்டது தரவு மையத்து ஜிபியு (வரைகலைச் செயலி) ஒன்றில்; பிரைம்95 ஓடுவதோ சாதாரணச் செயலியில். பரிசு 3,000 டாலர் என்றாலும் வாய்ப்பு மிகச் சொற்பம், மின்கட்டணமோ நிச்சயம். மேசைக் கணினி வைத்திருக்கும் எண்ணியல் ஆர்வலர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மடிக்கணினியில் இரவுபகலாக ஓடவிட வேண்டாம், சூடு தாங்காது.