சுண்டெலியில் செப்சிஸ்: எல்பிஎஸ் ஊசியா, குருட்டுக்குடல் கட்டா?

செப்சிஸ் என்பது தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினை காட்டி உறுப்புகள் கெடும் நிலை. ஆய்வுக்காக அதைச் சுண்டெலியில் உண்டாக்க இந்த இரண்டில் எதை எடுப்பது? பேராதனைப் பக்கம் நோயெதிர்ப்பு ஆய்வு தொடங்குபவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான்.

வேலை: எல்பிஎஸ் என்ற பக்டீரியாச் சுவர் நச்சை வயிற்றறைக்குள் ஏற்றினால் போதும். கட்டு என்பது குருட்டுக்குடலின் நுனியை நூலால் கட்டி, துளையிட்டு, மலத்தைக் கசியவிடுவது; அதற்கு மயக்கமருந்து, சத்திரசிகிச்சை, வலிநிவாரணி எல்லாம் வேண்டும்.

சீர்மை: ஊசியில் டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் புரதம்) சுமார் இரண்டு மணிநேரத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும், எலிக்கு எலி வேறுபாடும் குறைவு. கட்டுக்குக் கை பழகவேண்டும். கட்டும் நீளமும் துளையின் பருமனும்தான் கடுமையைத் தீர்மானிக்கும். நூல் இலியோசீகல் வால்வை (சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் வாயிலை) நெரித்தால் எலி குடலடைப்பில் சாகும், செப்சிஸில் அல்ல. 21 கேஜ் ஊசியால் குத்தி, துளி மலம் பிதுக்கி, மூடியபின் தோலடியில் வெதுவெதுப்பான சேலைன் 1 மில்லிலீட்டர். மலையகக் குளிரில் சூட்டு விரிப்பை மறந்தால் உடல்வெப்பம் விழுந்து அளவீடே குழம்பும்.

நிஜம்: ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, கட்டில் மலத்தோடு கசியும். எல்பிஎஸ் ஏற்றிய எலிகளைக் காத்த டிஎன்எஃப் எதிர்மருந்துகள் மனிதரிடம் காலைவாரின.

டிஎல்ஆர்4 (எல்பிஎஸ்ஸை உணரும் கல ஏற்பி) சமிக்ஞை மட்டும் பார்க்க ஊசி தாராளம். மருந்து சோதிப்பதென்றால் கட்டுதான், அதுவும் அன்டிபயோட்டிக் கொடுத்து.