தினமும் அணிகிற நிறக்கற்கள்: பினாங்கிலிருந்து ஓர் அனுபவம்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் எடுத்த வெள்ளிக் கைச்சங்கிலியைப் பல ஆண்டுகளாகத் தினமும் அணிந்து வருகிறேன். ஊதா நிறச் செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்), கார்னெட், சந்திரகாந்தக்கல், டர்க்காய்ஸ் என்று சின்னச் சின்னத் தொங்கல்கள் அதில் கோத்திருக்கின்றன. கடைகளில் கிரகத்தை வைத்துத்தான் பேச்சைத் தொடங்குவார்கள்: நீலத்துக்குப் பதில் செவ்வந்திக்கல், மாணிக்கத்துக்குப் பதில் கார்னெட். நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால், தினமும் அணியப் போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது கல்லின் கடினத்தைத்தான்.

வீட்டுத் தூசியிலேயே குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கிறது. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் அதன் கடினம் 7. அதைவிட மென்மையான கல் நாளடைவில் மழுங்கும். செவ்வந்திக்கல் குவார்ட்ஸ் இனமே. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பழங்கால மணிகளில் அதுவும் உண்டு. என் கல்லிலும் கார்னெட்டிலும் இன்றுவரை பட்டை மழுங்கவில்லை. சந்திரகாந்தக்கல்லின் கடினம் 6 முதல் 6.5 வரைதான். ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தால் மேலே மயிரிழைக் கீறல்கள் தெரிகின்றன. உள்ளே நகரும் அந்த நீல ஒளி மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. அதற்காகவே அதை விட மனமில்லை.

டர்க்காய்ஸ்தான் ஏமாற்றம். நுண்துளைகள் உள்ள கல் அது. வியர்வை, எண்ணெய், வாசனைத் திரவியம் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். வானநீலமாக இருந்தது ஓரங்களில் பச்சை பூத்துவிட்டது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைத் தினமும் அணிவது வீண். முத்தும் பவளமும் அதைவிட மென்மையானவை. அவை விசேஷ நாளுக்கு மட்டும் போதும்.

உண்மையில் எனக்குத் தொல்லை கொடுத்தவை கற்களைவிட, தொங்கல்களைச் சங்கிலியில் மாட்டும் சின்ன வளையங்கள்தான். ஒரு தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டத்துக்குள் கார்னெட் தொங்கல் கழன்று விழ, பின்னால் வந்த பெண் பார்த்து எடுத்துக் கொடுத்தார். ஆசாரியிடம் கொண்டுபோனேன். உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, “கல்லுக்கு ஒன்றும் இல்லையம்மா. வளையத்தை வளைத்து மூடியதோடு விட்டிருக்கிறார்கள், பற்றவைக்கவே இல்லை” என்றார். எனக்கும் காட்டினார், வாய் இணையாமல், நூல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

எல்லா வளையங்களையும் பற்றவைத்துக் கொடுத்தார். செவ்வந்திக்கல்லில் சூடு ஏறாமல் அவர் காட்டிய கவனம் வீண் அல்ல. சூடு மிகுந்தால் அதன் ஊதா போய்விடும். சிட்ரின் என்று சந்தையில் விற்கும் மஞ்சள் கற்களில் பெரும்பாலானவை அப்படிச் சூடாக்கிய செவ்வந்திக்கற்களே. கடும் வெயிலிலும் நாள்பட நிறம் வெளுக்கும் என்பதால் கழுவிய பின் நிழலில்தான் உலர்த்துகிறேன்.

925 வெள்ளி கறுப்பதைத் தவிர்க்க முடியாது, அதில் 92.5 சதவீதம் வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. சங்கிலியை மட்டும் திருநீறு போட்டுத் துணியால் தேய்ப்பேன். கற்களுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.

இப்போது மகளும் ஒன்று கேட்கிறாள். அவளுக்குக் கார்னெட்டும் ஸ்படிகமும் மட்டும் கோத்து எடுக்கப் போகிறேன். வளையம் ஒவ்வொன்றையும் பற்றவைத்துக் காட்டிய பிறகே கடைக்காரரிடம் பணம் கொடுப்பேன்.