மயில்நீலமும் சந்தனமும்: ஒரே அறையில் 3 வருஷம்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுப் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு. மேற்கே ஒரே ஜன்னல். கட்டில் தலைமாடு தெற்கே. அந்தத் தெற்குச் சுவருக்கு மயில்நீலம், மீதி மூன்றுக்கும் வெளிர் சந்தனம். நீலம் என் ஆசை, சந்தனம் மாமியார் சொன்னது.

அடிக்கும்போதே வித்தியாசம் தெரிந்துவிட்டது. சந்தனம் இரண்டு கோட்டில் மூடிக்கொண்டது. நீலத்துக்கு மூன்று கோட் ஆனது. அடர்நிறம் கலக்குகிற பேஸே (அடிப்படைப் பெயிண்டே) வேறு, அதில் சுவரை மூடுகிற வெள்ளை நிறமி குறைவு. "பட்டி பார்த்த மேடுபள்ளத்தையெல்லாம் இது காட்டிக் கொடுத்துரும்க்கா" என்று பெயிண்டர் முதலிலேயே எச்சரித்தார். நான்தான் காதில் வாங்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜன்னல் வெயில் பக்கவாட்டில் விழும்போது பட்டிக் கத்தி போன வழியெல்லாம் சுவரில் தெரியும்.

முதல் வருஷம் நீலம்தான் அழகு. வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால்தான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் வருஷம் தலையணைக்கு மேலே உள்ளங்கையகலம் பளபளவென்று ஒரு திட்டு. வீட்டுக்காரர் சாய்ந்து செல்போன் பார்க்கிற இடம். தலையில் வைக்கிற தேங்காய் எண்ணெய்! ஈரத்துணியால் துடைத்தேன். திட்டு போகவில்லை, துடைத்த இடமும் சேர்ந்து மினுங்கியது. மினுக்கே இல்லாத அடர்நிற மேட் பினிஷில் தேய்த்தால் அப்படித்தான். எடுத்து வைத்திருந்த மிச்ச பெயிண்டால் டச்சப் செய்தால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தனியாக நின்றது. மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரும் அடித்தால்தான் சேரும்.

சந்தனத்தில் மகளின் பென்சில் கிறுக்கல், கண்ணாடி பக்கத்தில் ஸ்டிக்கர் பொட்டு வரிசை, அடித்த கொசுவின் ரத்தம் எல்லாம் உண்டு. ஆனால் அது லேசான மினுக்கு உள்ள பினிஷ், சோப்புத் தண்ணீரில் போய்விடுகிறது. நீலத்தில் கொசு உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது, அது வேறு கொடுமை.

சித்திரையில் அறை வேகும்போதெல்லாம் வீட்டில் பழி நீலத்தின் மேல்தான். அநியாயம். மேற்குச் சுவர் வெளிப்பக்கம் வாங்கிய வெயில்தான் ராத்திரி உள்ளே இறங்குகிறது.

ஏற்காட்டில் நாத்தனார் இதே நீலத்தை அடித்தார். மூடுபனி நாளில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் வெளிச்சத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதனால் நீலத்தை விடப்போவதில்லை. வருகிற பொங்கலுக்கு அது கால்மாட்டுச் சுவருக்குப் போகிறது, யார் தலையும் படாது. தலைமாட்டுக்கு சந்தனம். மாமியார் சம்மதித்துவிட்டார், கூடவே ஒரு கொசு பேட்டும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.